சாவி கொடுத்த காலம்

இந்தப் பேச்சுக்கென்று எனக்கு 20 நிமிஷம் அளித்திருக்கிறார்கள். நான் அமர்ந்திருக்கும் அறையின் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு முட்கள் இல்லை. சிவந்த எண்கள் சத்தமின்றி மாறிக்கொண்டிருக்கின்றன. ஒலிபரப்பு அறைக்கு அத்தகைய கடிகாரமே தகுந்தது. பேசுபவரின் குரலோடு கடிகாரத்தின் டிக் டிக் ஓசையும் சேர்ந்து வந்தால், நேயர்கள் எதைக் கேட்பார்கள், எதை விடுவார்கள்? ஆயினும் இன்று நான் பேச வந்திருப்பது அந்த ஓசையைப் பற்றித்தான். நம் வீடுகளில் டைம்பீஸ் என்று வழங்கிய அலாரக் கடிகாரத்தை நேயர்களில் வயது முதிர்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இளைஞர்கள் அதைப் பழைய திரைப்படங்களில் பார்த்திருக்கலாம்.

நான் பிறந்து வளர்ந்தது கரமனை. திருவனந்தபுரத்தின் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிள்ளிப்பாலம் கடந்து நாகர்கோயில் பாதையில் சென்றால் கரமனையும் அதன் ஆறும் வரும். ஆற்றங்கரையை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு இடைவெளி கிடையாது. ஒரே சுவர் இரண்டு வீடுகளைத் தாங்கும். ஆகையால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அலாரம் அடித்தால் மூன்று வீடுகள் விழித்துக்கொள்ளும். பரீட்சைக் காலத்தில் மூன்று வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தால், ஒரு கடிகாரமே போதும் என்று பெரியவர்கள் சிக்கனம் பேசுவார்கள்.

டைம்பீஸ் வருவதற்கு முன்பு எங்கள் வீட்டை எழுப்பியவர் என் பாட்டியார். தந்தையாரைப் பெற்றவர். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது என்று சொன்னால், அந்தச் சொல் பெரும்பாலும் தவறாது. எங்கள் தெருவில் கோழி வளர்ப்பவர் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் சேவற்குரல்தான் அவருக்குத் துணை. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை நம்முடைய 24 நிமிஷம். இந்தக் கணக்கு மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், போர்ப் பாசறையில் உள்ள மன்னனுக்குப் பொழுது சென்ற அளவை அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். அவர்கள் பார்த்துச் சொன்னது நீர் கொண்டு பொழுதை அளக்கும் கன்னல். ஆக, பிறரை நேரம் கண்டு எழுப்புவதற்கென்று ஒருவர் விழித்திருக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் பாட்டியாருக்கு, சம்பளமில்லாமல்.

ஊருக்குப் பொதுவாகவும் ஒரு கடிகாரம் உண்டு. ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, கருவேலப்புரை மாளிகையில் இருக்கும் மேத்தன் மணியைப் பார்க்காதவர் திருவனந்தபுரத்தைப் பார்த்தவர் ஆகார். சுவாதித் திருநாள் மன்னரின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கடிகாரம் அது. மணி அடிக்கும்பொழுது தாடி வைத்த ஒரு முகம் வாயைத் திறக்கும். இரு புறமும் இருந்து இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து அந்த முகத்தின் கன்னங்களில் முட்டும். எத்தனை மணியோ அத்தனை முட்டு. அதே மன்னர்தான் 1837-இல் நகரத்தில் வானிலை ஆராயும் நட்சத்திர பங்களாவையும் நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். ஒரு புறம் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களின் நகர்வைக் கணக்கிடும் சாஸ்திரம், மற்றொரு புறம் ஆடு முட்டும் வேடிக்கை. இரண்டையும் ஒரே ராஜ்யம் ஒரே தலைமுறையில் விரும்பியது என்பது எனக்கு எப்பொழுதும் உவப்பான செய்தி.

பாட்டியாருக்கும் தந்தையாருக்கும் இருந்த ஒரே நீடித்த வழக்கு நேரத்தைப் பற்றியது. பாட்டியாரின் விடியல் வேறு, தந்தையாரின் கைக்கடிகாரத்து விடியல் வேறு. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்று பிற்காலத்தில்தான் அறிந்தேன். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்பது 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஏற்பட்டது. அது கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணித்தது. திருவனந்தபுரம் இருப்பதோ ஏறக்குறைய 77 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிஷ வித்தியாசம். எனவே நம் ஊர்ச் சூரியன் சர்க்காரின் கடிகாரத்துக்குச் சுமார் 22 நிமிஷம் பிந்தியே வருகிறான். பாட்டியார் சூரியனுக்கு விசுவாசமாக இருந்தார். தந்தையார் தம் கச்சேரிக்கு.

1957-இல் பாட்டியார் காலமானார். பிறகு சில வாரங்களில் வீட்டின் ஒழுங்கே குலைந்துபோயிற்று. தந்தையார் இருமுறை கச்சேரிக்குத் தாமதமாகப் போனார். மார்கழி வந்தது, தெருவில் பஜனை கோஷ்டி வீட்டைக் கடந்துபோன பிறகே கண் விழித்தோம். பாட்டியார் இருந்தால் இது நடந்திராது என்று அன்னையார் சொன்ன அந்த வாரத்திலேயே, தந்தையார் சாலைக் கடைத்தெருவில் ஒரு டைம்பீஸ் வாங்கி வந்தார். ஜெர்மன் செய்கை. முகப்பில் ஒரு நட்சத்திரமும் அதனுள் ஆங்கில ஜே எழுத்தும் இருக்கும். கருங்காடு என்னும் மலைப் பிரதேசத்தில் ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் 1861-இல் தொடங்கிய யுங்கன்ஸ் தொழிற்சாலையின் அடையாளம் அது என்று நான் தெரிந்துகொண்டது எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு. எங்களுக்கு அது நட்சத்திரக் கடிகாரம், அவ்வளவே.

அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நான் பின்னால் சொல்லப்போகும் சம்பவம் அந்த அமைப்பில்தான் அடங்கியிருக்கிறது.

கடிகாரத்தின் முதுகில் இரண்டு சாவிகள் இருக்கும். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றொன்று மணிக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியே ஓர் எஃகுச் சுருள்வில்லை முறுக்கும். ஓட்டத்து வில் மெல்ல மெல்லத் தளரும்பொழுது, அந்த விசை பற்சக்கரங்கள் வழியே சென்று முட்களை நகர்த்துகிறது. விசை ஒரே பாய்ச்சலாக வெளியேறிவிடாமல் தடுப்பது பாலன்ஸ் சக்கரம். அது மயிரிழை போன்ற ஒரு சுருளின் துணையால் இப்படியும் அப்படியுமாக ஆடி, வினாடிக்கு நான்கு முறை அளவில் பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும். டிக் டிக் என்று கேட்பது, சக்கரம் விடுபட்டு மீண்டும் பிடிபடும் ஓசை.

மணியின் வேலை இன்னும் சுவையானது. நாம் சிறிய முள்ளை நான்கில் வைத்தால், உள்ளே ஒரு சக்கரத்திலுள்ள பள்ளம் அந்த இடத்துக்குத் திரும்பி நிற்கும். மணி காட்டும் முள்ளோடு சுழலும் சக்கரம் அந்தப் பள்ளத்துக்கு நேரே வந்ததும் டக்கென்று அதில் விழும். விழும்பொழுது சிறு சுத்தியைப் பிடித்திருந்த நெம்புகோல் விலகும். மணி வில்லில் முறுக்கு இருந்தால் சுத்தி அடிக்கும். முறுக்கு இல்லாவிட்டால் அந்த டக் என்ற ஓசையோடு சரி.

மணி காட்டும் முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று வருவதால், விடியற்காலை நான்குக்கு வைத்த அலாரம் மாலை நான்குக்கும் அடிக்கும். இரவு எது, பகல் எது என்று அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் காலையில் மணி அடித்ததும் தந்தையார் ஓரிரு வினாடியில் தலையிலுள்ள பொத்தானை அமுக்கிவிடுவார். பொத்தான் அமுங்கியிருக்கும் வரை மாலையில் சத்தம் வராது. இரவு படுக்குமுன் பொத்தானை மறுபடி மேலே இழுக்கவேண்டும். இரண்டு சாவியும் கொடுக்கவேண்டும். பிறகு கடிகாரத்தை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் நிறுத்தவேண்டும். தாம்பாளத்தில் வைத்தால் மணியோசை இரு மடங்காகும். சிலர் தாம்பாளத்தில் நாலைந்து காலணாவும் போட்டு வைப்பார்கள். அவை அதிர்ந்து எழுப்பும் சத்தத்தில் தூங்குபவர் பிணமாக இருந்தாலொழிய எழுந்துவிடுவார் என்பது எங்கள் தெருவின் ஏகோபித்த அபிப்பிராயம்.

நாலு மணி என்றவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்து கான்கார்ட் நகரில் லீவை ஹட்சின்ஸ் என்னும் கடிகாரக்காரர் 1787-இல் தமக்கென்று ஓர் அலாரக் கடிகாரம் செய்துகொண்டார். அது விடியற்காலை நான்கு மணிக்கு மட்டுமே அடிக்கும்; வேறு மணிக்கு மாற்ற வழி கிடையாது. அவர் எழ விரும்பிய நேரம் அது. பிறரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஐரோப்பாவில் அலாரமுள்ள கடிகாரங்கள் அதற்கு முன்பும் இருந்தன. வேண்டிய மணிக்குத் திருத்தி வைக்கும் இயந்திரத்துக்கு 1847-இல் அந்த்வான் ரெதியே என்ற பிரெஞ்சுக்காரர் உரிமை பெற்றார். 1876-இல் அமெரிக்காவின் சேத் தாமஸ் கம்பெனி படுக்கையருகே வைக்கத்தக்க சிறு கடிகாரத்துக்கு உரிமை பெற்ற பிறகு, அது தொழிலாளியின் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன் எழவேண்டிய உலகம் ஒன்று அதற்குள் உண்டாகியிருந்ததல்லவா?

அந்த உலகத்துக்கு இக்கடிகாரம் எவ்வளவு அவசியமாகிவிட்டது என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டிற்று. 1942-இல் அமெரிக்க அரசாங்கம் வீட்டு உபயோகத்துக்கான அலாரக் கடிகார உற்பத்தியை நிறுத்தியது. பித்தளை போருக்கு வேண்டும். கடிகாரத் தொழிற்சாலைகளோ வெடிகுண்டுகளுக்கான நுண்பொறிகள் செய்யவேண்டும். பழைய கடிகாரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. புதியவை கிடைக்கவில்லை. போர்த் தளவாடம் செய்யும் தொழிலாளர்களே உரிய நேரத்துக்கு வேலைக்கு வராமற்போகும் நிலை ஏற்பட்டது. 1943-இல் அரசாங்கமே மனம் மாறி உற்பத்தியை அனுமதித்தது. அப்பொழுது வெஸ்ட்கிளாக்ஸ் கம்பெனி வெளியிட்ட கடிகாரத்தின் கூடு உலோகம் அன்று. மரக்கூழை அழுத்திச் செய்தது. வார் அலாரம் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

இனி அந்தச் சம்பவம். இதை நான் இதுவரை என் மனைவியிடம்கூட முழுமையாகச் சொன்னதில்லை.

1960-ஆம் ஆண்டு, ஆனி மாதக் கடைசி. எனக்கு 12 வயது. டைம்பீஸுக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பை அதற்கு ஓராண்டுக்கு முன்பே தந்தையார் என்னிடம் ஒப்படைத்திருந்தார். வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. ஆனால் பதவியில் இருப்பவர்கள் சீக்கிரத்தில் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். காலையில் தந்தையார் மணியை உடனே நிறுத்திவிடுவதால், மணி வில்லில் முறுக்கு மிச்சமிருக்கும் என்று நான் கண்டுகொண்டேன். ஆகவே ஓட்டத்துச் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, மணிச் சாவியைத் தொடாமலே பல இரவுகள் படுத்திருக்கிறேன். ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபொழுது என்னுடன் இரண்டு தோழர்கள் வந்திருந்தார்கள். மணி நான்காகச் சில நிமிஷங்கள் இருந்தன. அவர்களுக்கு வேடிக்கை காட்டவேண்டும் என்று தோன்றியது. பொத்தானை மேலே இழுத்துவிட்டேன். நான்கு அடித்தது. அமுக்கவில்லை. மணி கணகணவென்று தொடங்கி, களைத்து, ஒவ்வொரு அடியாகத் தள்ளாடி, கடைசியில் நின்றது. நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் தந்தி வந்தது. சுசீந்திரத்தில் இருந்த என் அத்தை, தந்தையாரின் மூத்த சகோதரி, நெருக்கடியான நிலையில் இருக்கிறார். உடனே புறப்படவும் என்றிருந்தது. ஒரு காலத்தில் தம் வளையல்களை அடகு வைத்துத் தந்தையாரின் இண்டர்மீடியட் படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர். கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து அப்பொழுது நான்கு ஆண்டு ஆகவில்லை. எங்கள் குடும்பம் இரண்டு ராஜ்யங்களில் இருந்தது. நாகர்கோயிலுக்கு ரயில் கிடையாது. ரயில் வந்தது 1979-இல்தான். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசாங்கம் மோட்டார்ப் போக்குவரத்தைத் தொடங்கியபொழுது முதலாவதாக விட்ட வழியே திருவனந்தபுரம் – கன்னியாகுமரி வழிதான். ஆயினும் அன்றிரவு தந்தி கிடைத்த நேரத்துக்குப் பிறகு போக வண்டி இல்லை. விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் போவதென்று தீர்மானமாயிற்று. தந்தையார் என்னைப் பார்த்து, நாலுக்கு வைத்துவிடு என்றார்.

நான் ஓட்டத்துச் சாவியைக் கொடுத்தேன். பொத்தானை இழுத்துவிட்டேன். தாம்பாளத்தில் வைத்தேன். பிறகு அன்னையார் பெட்டி அடுக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். மாலையில் மணி முழுவதும் ஓடித் தீர்ந்தது என் நினைவில் வரவே இல்லை.

இரவு முழுதும் ஓட்டின் மேல் மழை. மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. மேகமூட்டத்தில் விடிந்ததும் தெரியவில்லை. பால்காரர் கதவைத் தட்டியபொழுது மணி ஐந்தே முக்கால். தந்தையார் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். அது மிகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த வண்டி பிடித்து, அவர் சுசீந்திரம் தெருவுக்குள் நுழைந்தபொழுது மணி பத்தைக் கடந்திருந்தது. அத்தை ஒன்பது மணி அளவில் போய்விட்டார். எட்டு மணி வரை நல்ல நினைவோடு இருந்து, வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். ஐந்து மணி வண்டியில் போயிருந்தால் தந்தையார் எட்டு மணிக்குள் அங்கே இருந்திருப்பார்.

காரியங்கள் முடித்து அவர் திரும்பிவந்த இரவு, நான் பக்கத்து அறையில் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். தந்தையார் டைம்பீஸைக் கையில் எடுத்தார். மணிச் சாவியைத் திருப்பினார். வெறுமையான வில்லுக்குச் சாவி கொடுக்கும் ஓசை வேறு. முறுக்கு மிச்சமுள்ள வில்லின் ஓசை வேறு. முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அவரும் எண்ணியிருப்பார். நடந்தது என்ன என்பது அந்தச் சுற்றுகளிலிருந்தே அவருக்கு விளங்கியிருக்கும். என்னை அழைக்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, பிறகு எந்நாளும் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் ஓட்டத்துச் சாவி என்னுடையது, மணிச் சாவி அவருடையது என்றாயிற்று. நான் வேலைக்குப் போய், மணமாகி, இரு குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகும் இந்தப் பிரிவினை நீடித்தது. 1983-இல் அவர் காலமாகும் வரை அந்தச் சாவியை நான் தொட்டதில்லை. சொல்லிவிடவேண்டும் என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். சொல்லவில்லை.

அதற்குள் கடிகாரங்கள் மாறிவிட்டிருந்தன. பாரசீக வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன கேரளத்து இளைஞர்கள் விடுமுறைக்கு வரும்பொழுது டேப் ரிக்கார்டரோடு ஜப்பானியக் கடிகாரங்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றில் வில்லும் இல்லை, சாவியும் இல்லை. ஒரு சிறு மின்கலத்தின் விசையால் படிகக்கல் ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை இரண்டு இரண்டாகப் பதினைந்து முறை வகுத்தால் மிகச் சரியாக ஒரு வினாடி கிடைக்கிறது. எங்கள் நட்சத்திரக் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிஷம் முன்பின் ஆகும். படிகக் கடிகாரமோ ஒரு மாதத்துக்குச் சில வினாடிதான் தவறும். கரமனையின் மழைக்காலத்து ஈரமும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சாவிக் கடிகாரத்தின் வில்லில் அதே ஈரம் துருவேற்றிவிடும். நம் நாட்டிலேயே 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம், இரண்டு தலைமுறைக்கு நேரம் காட்டிவிட்டு, 2016-இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்ததோடு ஓய்ந்தது. 1996-இல் கேரளத்துக்கு வந்த கைப்பேசி மற்றவற்றையும் தனக்குள் வாங்கிக்கொண்டது.

பழைய கடிகாரமே நல்லது, அதில் ஒழுக்கம் இருந்தது, இன்றைய பிள்ளைகளுக்கு அது இல்லை என்று என் வயதுக்காரர்கள் பேசும்பொழுது நான் தலையசைப்பதில்லை. கைப்பேசி அன்று இருந்திருந்தால் என் தந்தையார் தம் சகோதரியின் குரலைக் கேட்டிருப்பார். முறுக்கு மறந்துபோவதற்கு அதில் இடமே இல்லை. தவிரவும், பாட்டியார் இருந்த வரையில் நாங்கள் எல்லோருமே ஓரளவு தாமாக விழித்தவர்கள்தாம். டைம்பீஸ் வந்த பிறகுதான் அதன் பொறுப்பில் அயர்ந்து தூங்கப் பழகினோம். இன்று கைப்பேசியின்மேல் நான் கேட்கும் புகாரை, பாட்டியார் உயிரோடிருந்தால் நட்சத்திரக் கடிகாரத்தின்மேல் சொல்லியிருப்பார். அயர்ந்து போகவே வசதி செய்துதரும் ஏற்பாடும் கைப்பேசியோடு பிறந்ததன்று. மணியை அமுக்கினால் சில நிமிஷம் தூங்கவிட்டு மறுபடி எழுப்பும் கடிகாரம் 1956-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பெங்களூரில் இருக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்தால், ஐந்து நிமிஷ இடைவெளியில் ஐந்து அலாரம் வைத்துக்கொண்டு படுக்கிறாள். முதல் நான்கும் அவளுக்குக் கேட்பதே இல்லை, எனக்குக் கேட்கின்றன. ஐந்தாவதை நிறுத்தக் கைப்பேசியை எடுப்பவள், முகம் கழுவுவதற்கு முன்பே டில்லியில் நடந்ததையும் அமெரிக்காவில் நடந்ததையும் படித்து முடித்து, வருத்தமோ கோபமோ கொண்ட முகத்தோடு எழுந்து வருகிறாள். எங்கள் டைம்பீஸுக்கு ஒரே ஒரு செய்திதான் தெரியும். அதைச் சொல்லிவிட்டு அது நின்றுவிடும். எதிர் வீட்டு இளைஞர் டெக்னோபார்க்கில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர். அவர் மாலை நான்கு மணிக்குத்தான் எழுகிறார். இரு வேளையும் அடிக்கும் கடிகாரம் அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தால் ஆகும் என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் உண்மையாகவே விலை விசாரித்தார்.

சென்ற மாதம் நட்சத்திரக் கடிகாரம் நின்றுபோயிற்று. சாலைக் கடைத்தெருவின் சந்து ஒன்றில், கண்ணில் உருப்பெருக்கிக் குழலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். நாகர்கோயில் பக்கத்துக்காரர், அவருடைய தந்தையாரும் அதே பலகையில் உட்கார்ந்து அதே தொழில் செய்தவர். மகன் கைப்பேசி ரிப்பேர் கற்றுக்கொண்டு வேறு கடை வைத்திருக்கிறார். பழைய கடிகாரங்களுக்கு உதிரிப் பாகம் எங்கும் விற்பனைக்கு இல்லை. செத்துப்போன ஒன்றைப் பிரித்து மற்றொன்றைப் பிழைக்கவைக்க வேண்டும். அதற்காக ஒரு பிஸ்கட் டின் நிறையச் சக்கரங்கள் வைத்திருக்கிறார். “இப்ப கொண்டாறவங்க ஓடணும்னு கேக்கதில்ல சாமி. பித்தளைய மினுக்கித் தந்தா போதுங்காங்க. ஷோகேஸ்ல வைக்கணுமாம்” என்றார். சொல்லும்பொழுது கையிலிருந்த சாமணம் ஒரு கணம் நின்றது.

என் கடிகாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஓட்டத்து வில் தளர்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்றார். பிறகு மணி வில்லைக் குச்சியால் தொட்டுப் பார்த்து, “இது புதுசு மாதிரியே இருக்கே. மணி அதிகமா அடிக்க விட்டதில்லையோ?” என்று கேட்டார்.

“அப்பா உடனே நிறுத்திவிடுவார், அண்ணாச்சி” என்றேன்.

“அதான்” என்று சொல்லிவிட்டு மூடினார். வியாழக்கிழமை வரச் சொன்னார். வியாழன் போனேன்; சனிக்கிழமை என்றார். சனியன்று தந்தார். கூலி வாங்கும்பொழுது, இதைப் போல இன்னொன்று வந்தால் தம்மிடம் விற்கச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார், பாகங்களுக்காகத்தான்.

இப்பொழுது அது என் படுக்கைக்கு அருகே, அன்னையாரின் அதே பித்தளைத் தாம்பாளத்தில் இருக்கிறது. அதன் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று என் மனைவி அடுத்த அறைக்குப் போய்விட்டாள். எனக்கு எழுந்து போகவேண்டிய கச்சேரியும் இல்லை, பிடிக்கவேண்டிய வண்டியும் இல்லை. ஆயினும் இரவு பத்து மணிக்கு இரண்டு சாவியும் கொடுக்கிறேன். முதலில் மணிச் சாவி, பிறகுதான் ஓட்டத்துச் சாவி. நான்குக்குச் சில வினாடிகளுக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உள்ளே டக்கென்று அந்தச் சக்கரம் பள்ளத்தில் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். உடனே மணி தொடங்குகிறது. தந்தையாரைப் போல் ஓரிரு வினாடியில் அதை அமுக்கிவிடுகிறேன்.

சுவரிலுள்ள சிவந்த எண்கள் என் 20 நிமிஷத்தில் இன்னும் சில வினாடிகளே மிச்சம் என்று காட்டுகின்றன. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நண்பரும் கையை உயர்த்திவிட்டார். வணக்கம்.